வித்தியாசுந்தரி நாகரத்தினம்மாள்

காவிரியின் வடகரையிலுள்ள திருவையாற்றில் ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராச சுவாமிகளின் ஆராதனை நிகழ்வது யாவரும் அறிந்ததே. அன்று காலை, ஆற்றங்கரைப் பந்தலிலே வித்துவான்களும் மாணாக்கரும் இரு மருங்கும் நெருங்கியமர்ந்து, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம் என்னும் ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனங்களை ஒரே குரலாகப் பாடுவர். ஆடவரும் மகளிரும் வேற்றுமையின்றிப் பாடும் அவ்வொலி கேட்டார் நெஞ்சை விட்டு எளிதில் நீங்குவதன்று. சென்ற ஆண்டு யாமும் நண்பர் ஒருவருடன் அவ்விழாவைக் காணச் சென்றிருந்தோம். பாட்டு முடிந்து கூட்டம் கலையுங்கால், சுவாமிகளின் சமாதிக்கு எதிரே, அதனை நோக்கியவாறு ஒரு மூதாட்டியின் திருவுருவம் அமைந்திருத்தலைக் கண்டு, அவர் யாவர் என நண்பர் எம்மை வினவினார். பெயர் மட்டும் அறிந்திருந்தோம். அதற்குமேல் ஒன்றும் கூறவியலாது நாணினோம். ஊர் திரும்பிய பின்னர்ப் படித்தறிந்தவற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

மைசூரைச் சார்ந்த நஞ்சன்கூட்டில் 1878-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் நாகரத்தினம்மாள் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி தேவதாசியர் குலத்தவர். அவரை ஆதரித்து வந்த வழக்கறிஞர் கைவிட்டமையால், குழந்தையை வளர்க்கும் சுமை முழுவதும் அத்தாயின் மேலதாயிற்று. மகள் வடமொழியும் இசையும் கற்றுப் பெரும் புலமை எய்தவேண்டும் என்பதே அவரது ஒரே நோக்கம். மைசூரில் வடமொழி கற்பித்து வந்த ஆசிரியர் இடையில் பாடஞ் சொல்லுதலை நிறுத்திவிட, அவ்வம்மையார் மனமுடைந்து மகளுடன் அந்நகரைவிட்டு அகன்றார். பின்னர்ப் பெங்களூரில், தியாகராசரின் மாணாக்கர் வழியில் வந்த முனுசாமியப்பா என்பவரிடம் நாகரத்தினம் இசை பயின்றார். இளமையிலேயே தாயையும் இழந்தார். ஆயினும் கல்வியை விட்டாரல்லர். கன்னடம், தெலுங்கு, வடமொழி ஆகிய மும்மொழிகளிலும் வல்லவராகி, பாட்டாலும் நடனத்தாலும் மைசூர் நாட்டிலும், பின்பு சென்னையிலும் பெரும்புகழ் பெற்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள் செய்தவர் அவர். சென்னையில் வருமான வரி செலுத்திய முதற் பெண் கலைஞர் அவரே என்பர்.

இலக்கிய மாணாக்கராகிய எம்மை மிகவும் கவர்ந்தது அவர் செய்த ஒரு பதிப்புப் பணி. தஞ்சையை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் ஆண்ட காலத்தில், அவரது அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் தேவதாசிப் புலவர் இராதிகா சாந்துவனம் என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றினார். கண்ணன்பால் ஊடிய இராதையைத் தெளிவித்தலே அதன் பொருள். அந்நூலை 1887-இல் வெங்கடநரசு என்பவர் அச்சிட்டபொழுது, சில செய்யுட்களையும், ஆசிரியை தம் தாய்வழிப் பெண்டிரைப் போற்றிக் கூறிய பாயிரத்தையும் நீக்கிவிட்டார். (நம் சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஏடு பல ஒப்புநோக்கி வெளியிட்டதும் அதே ஆண்டில்தான் என்பது நினைக்கத்தக்கது.) நாகரத்தினம்மாள் ஏட்டுச்சுவடி ஒன்றைத் தேடிப்பெற்று, அச்சுப்படியோடு ஒப்புநோக்கி, விடுபட்டவற்றையெல்லாம் சேர்த்து, 1910-இல் வாவிள்ள இராமசாமி சாஸ்திருலு நிறுவனத்தார் வாயிலாக முழுநூலையும் வெளியிட்டார்.

தெலுங்குப் பெரும்புலவர் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு அக்காவியத்தை முன்னரே கடிந்து எழுதியிருந்தார். இத்தகைய சிருங்காரம் ஒரு பெண்ணின் வாயில் வரலாகாது என்பது அவர் கருத்து. அதற்கு நாகரத்தினம்மாள் தம் முன்னுரையில் அஞ்சாது விடையிறுத்தார். ஆடவர் இயற்றிய காவியங்களில் இதனினும் மிக்க சிருங்காரம் நிரம்பியிருப்பவும் அவற்றைப் பாடமாக வைத்துப் போற்றுகின்றனரே, நாணம் என்பது பெண்பாலார்க்கு மட்டும் உரியதோ என்பது அவர் எழுப்பிய வினா. இதற்கு நேரான விடை எவரும் தந்ததாகத் தெரியவில்லை. விடைக்கு மாறாக 1911-இல் அரசாங்கம் நூலைப் பறிமுதல் செய்து தடை விதித்தது. அத்தடை முப்பத்தாறு ஆண்டுகள் நின்று, 1947-இல் தங்குடூரி பிரகாசம் பந்துலுவின் முயற்சியாலேயே நீங்கிற்று.

இனித் திருவையாற்றுச் செய்திக்கு வருவோம். தியாகராசர் 1847-இல் முத்தியடைந்தபின், அவர் சமாதி நெடுங்காலம் போற்றுவாரின்றிக் கிடந்தது. மாணாக்கர் வழியினர் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடத்தைக் கண்டு செப்பனிட்டு ஆராதனை தொடங்கினர். ஆனால் விரைவிலேயே அவருள் பிளவு தோன்றிப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டாயின. ஆசிரியர் ஒருவர், விழா இரண்டு! இச்சச்சரவுக்கிடையே சமாதி பழுதுற்றுக் கிடந்ததை நாகரத்தினம்மாள் கேள்வியுற்றார். சுவாமிகளைத் தம் குருவின் குருவாகவும் தெய்வமாகவும் கொண்டிருந்த அவர்க்கு அது பொறுக்கவில்லை. நேரிற் சென்று கண்டு, சூழவுள்ள நிலத்தைப் பெற்று, தம் நகைகளை விற்றும் கச்சேரிகளில் ஈட்டிய பொருளைக் கொட்டியும் திருப்பணி செய்தார். 1921-இல் கால்கொண்ட அக்கோயில் 1926 சனவரியில் குடமுழுக்குப் பெற்றது. பிறரிடம் பொருள் தண்டித் தம் பெயரைப் பொறித்துக்கொள்ளும் உலகில், தம் கைப்பொருளால் ஒருவர் இங்ஙனம் செய்தல் அரிதே.

ஆனால் ஆராதனை நாளில் நிகழ்ந்தது யாது? கோயில் கட்டியவர் அக்கோயிலின் முன் பாடுதல் கூடாது! பெண்பாலார் சுவாமிகளின் சந்நிதியில் பாடலாகாது என்பதில் மட்டும் இரு கட்சியினரும் ஒன்றுபட்டிருந்தனர். எல்லாவற்றிலும் மாறுபட்ட இருசாரார்க்கும் ஒற்றுமை விளைந்த இடம் இதுவாயிற்றே என எண்ணுங்கால் எமக்கு நகையும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. நாகரத்தினம்மாள் வாதிட்டும் பயனில்லை. அவர் தாம் கட்டிய கோயிலைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினாரல்லர். 1927-இல் பெண்டிரைத் திரட்டி, சந்நிதிக்குப் பின்புறத்தே தனியே ஆராதனை தொடங்கினார். முன்புறத்தே ஆடவர் பாட, பின்புறத்தே மகளிர் பாடினர். அதனைப் பெண்கள் கட்சி என மக்கள் வழங்கலாயினர். பழிப்போர் பழித்தனர், எனினும் அம்மகளிர் ஆண்டுதோறும் வந்தனர். நிலமும் கோயிலும் அவருடைய முயற்சியில் அமைந்தவையாதலின், அவரை முற்றும் ஒதுக்கவும் எவர்க்கும் இயலவில்லை.

அக்காலத்திலேயே வேறொரு போரிலும் அவர் ஈடுபட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் முயன்றபொழுது, தேவதாசியர் சங்கத்தின் சார்பில் அதனை எதிர்த்து முன்னின்றவர்களுள் நாகரத்தினம்மாளும் ஒருவர். தம் குலத்தார்க்குரிய கல்வியும், கலையும், சொத்துரிமையும் அம்முறையோடு அழிந்துபடும் என அவர் அஞ்சினார். இதில் யாம் அவரோடு உடன்படுதற்கில்லை. தன் வாழ்வு இன்னதென அறியாத சிறுமிக்குப் பொட்டுக்கட்டுதல் எவ்வாற்றானும் நீதியாகாது. 1947-இல் சட்டம் நிறைவேறியதும் நன்றே. ஆயினும் அவர் அஞ்சியது வெறும் அச்சமன்று. நடனம் பிற குலத்து மகளிரிடம் சென்று மேடையேறிப் புகழ்பெற்றபொழுது, அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்த குடும்பங்கள் பல வறுமையில் மறைந்தன. ஒருவர் கூறிய வழி தவறாயினும், அவர் கண்ட நோய் மெய்யாதலும் உண்டன்றோ?

1940-இல் கட்சிகள் ஒன்றுபட்டன. முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலியோரின் முயற்சியால் ஆராதனை ஒரே விழாவாகி, பெண்டிரும் சந்நிதியில் ஒப்பப் பாடும் உரிமை பெற்றனர். அப்பொழுது நாகரத்தினம்மாளுக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் பின்புறத்தே பாடியவர் முன்புறத்துக்கு வந்தார். பின்னர்த் திருவையாற்றையே தம் ஊராகக்கொண்டு, சமாதியின் வழிபாட்டைக் கவனிப்பதிலேயே எஞ்சிய நாளைக் கழித்தார்.

தம் சொத்து முழுவதையும் ஓர் அறக்கட்டளைக்கு உரிமையாக்கி இறுதியாவணம் எழுதி வைத்தார். சுவாமிகளின் வழிபாடு முட்டின்றி நடத்தல் வேண்டும் என்பதோடு, தேவதாசியர் உட்படப் பெண்டிர் யாவரும் ஆங்குத் தடையின்றிப் பாடும் உரிமையும் காக்கப்படல் வேண்டும் என்பதை அதில் உறுதிசெய்தார். 1952-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் திருவையாற்றிலேயே காலமானார். சுவாமிகளின் சமாதிக்கு எதிரே அவர்க்கும் ஒரு சமாதி எழுப்பினர். எம் நண்பர் வினவிய திருவுருவம் அதன்மேல் அமைந்ததே.