இருட்டில் கிரிக்கெட் ஆட வைத்த கோடீசுவரர்

டிசம்பர் மாதத்தில் போர்ட் பிளேரில் மாலை 5 மணிவாக்கில் பொழுது சாய்ந்து விடும். நாட்டின் கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அந்தமான் இருப்பதோ ஏறத்தாழ 93 டிகிரியில். அதனால் இங்கே சூரியன் கடிகாரத்தைவிட 40 நிமிடம் முந்திக் கொள்கிறது. ஆபீசில் பேரேட்டை மூடிவிட்டு, கப்பல்துறையில் சரக்கு இறக்கி முடித்துவிட்டு, மட்டையும் பந்துமாக மைதானத்துக்குப் போனால் இரண்டு ஓவர் போடுவதற்குள் பந்து கண்ணுக்குத் தெரியாது.

ஆடுவதுதான் இப்படி என்றால் பார்ப்பது அதைவிடக் கஷ்டம். டெஸ்ட் பந்தயம் ஐந்து நாள் நடக்கும். காலையில் தொடங்கி, வேலைக்குப் போனவர் வீடு திரும்பும் நேரத்தில் முடிந்து விடும். லீவு போட்டால்தான் பார்க்கலாம். தினக்கூலிக்காரருக்கு லீவு என்றால் அன்று அடுப்பு எரியாது. இப்படி நூறு ஆண்டுகளாக டெஸ்ட் கிரிக்கெட், பகலில் ஓய்வு உள்ளவர்களின் ஆட்டமாகவே இருந்தது.

அந்த ஆட்டத்துக்கு விளக்குப் போட்டவர் கெர்ரி பேக்கர் என்ற ஆஸ்திரேலியக் கோடீசுவரர். உழைப்பாளி மீது இரக்கப்பட்டு அவர் இதைச் செய்யவில்லை. தன்னுடைய டெலிவிஷனில் விளம்பரம் விற்பதற்காகச் செய்தார். ஆனாலும் பலன் உழைப்பாளிக்கும் வந்து சேர்ந்தது.

நோயாளிப் பிள்ளை

பேக்கர் 1937-ம் ஆண்டு டிசம்பர் 17-ந்தேதி சிட்னி நகரில் பிறந்தார். தந்தை சர் பிராங்க் பேக்கர் பத்திரிகை முதலாளி. பின்னாளில் "சேனல் 9" டெலிவிஷன் நிலையத்தையும் தொடங்கினார்.

வீட்டில் செல்வம் கொட்டிக் கிடந்தாலும் பையனுக்கு இளமை இனிக்கவில்லை. சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. மூச்சு விடுவதற்காக "இரும்பு நுரையீரல்" என்ற பெட்டிக்குள் பல மாதம் படுத்துக் கிடந்தார். பிழைத்து எழுந்து பள்ளிக்கூடம் போனால் எழுத்துகள் கண் முன்னே குழம்பின. எழுத்துக் குருடு என்ற அந்தக் குறையை அப்போது யாரும் புரிந்து கொள்ளவில்லை. மண்டு என்று பெயர் வாங்கினார். விளையாட்டு மைதானத்தில்தான் அவருக்கு மரியாதை கிடைத்தது. அதிலும் குத்துச்சண்டையில் கெட்டிக்காரர்.

தந்தையின் வாரிசு மூத்த மகன் கிளைட்தான் என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். 1972-ல் தந்தைக்கும் மூத்த மகனுக்கும் சண்டை வந்து, கிளைட் கம்பெனியை விட்டு வெளியேறினார். 1974-ல் தந்தை இறந்ததும், மண்டு என்று பெயர் வாங்கிய இளைய மகன் கையில் சாவிக்கொத்து வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 36.

போர்டு கதவை அடைத்தது

1975-ல் ஆஸ்திரேலியாவில் கலர் டெலிவிஷன் வந்தது. நாள் முழுவதும் ஓடக்கூடிய, ஓவருக்கு ஓவர் விளம்பரம் போடக்கூடிய ஒரு நிகழ்ச்சி பேக்கருக்குத் தேவைப்பட்டது. கிரிக்கெட் அதற்கென்றே செய்து வைத்தது போல இருந்தது.

1976-ல் அவர் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் போர்டிடம் போனார். ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வீதம் 3 ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். போர்டு மறுத்து விட்டது. பழைய பழக்கத்தை விடாமல், அரசு டெலிவிஷனுக்கு அதில் ஏழில் ஒரு பங்கு அளவு பணத்துக்கே ஒளிபரப்பு உரிமையைக் கொடுத்தது.

வாங்க முடியாத பொருளை, பேக்கர் தானே தயாரிப்பது என்று முடிவு செய்தார்.

அது நடக்கக் கூடிய காரியமாக இருந்ததற்குக் காரணம் போர்டின் கஞ்சத்தனம்தான். மைதானம் நிரம்பி வழிந்த காலத்திலும் ஒரு டெஸ்ட் ஆடுகிறவருக்குக் கிடைத்தது சில நூறு டாலர்தான். நாட்டுக்கு ஆடியவர்கள் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தார்கள். பேக்கரோ ஆண்டுக்கு 25 ஆயிரம் டாலர் அளவுக்குச் சம்பளம் என்றார். இயான் சாப்பல், கிரெக் சாப்பல், லில்லி, கிளைவ் லாயிட், விவியன் ரிச்சர்ட்ஸ், இம்ரான்கான், இங்கிலாந்து கேப்டன் டோனி கிரெய்க் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். 1977 மார்ச்சில் மெல்போர்னில் டெஸ்ட் கிரிக்கெட்டின் நூற்றாண்டு விழாப் பந்தயம் நடந்து கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஓசைப்படாமல் ஆள் சேர்ப்பும் நடந்தது.

மே மாதம் ரகசியம் உடைந்தது. கிரெய்க்கின் கேப்டன் பதவி பறிபோனது. பேக்கரிடம் போனவர்களுக்குத் தடை என்றார்கள். வழக்கு லண்டன் ஐகோர்ட்டுக்குப் போய் 31 நாள் நடந்தது. ஒரு மனிதன் உழைத்துப் பிழைப்பதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்ற பொருளில், 1977 நவம்பர் 25-ந்தேதி நீதிபதி சிலேடு தீர்ப்பு அளித்தார். வெற்றி பேக்கர் பக்கம்.

காலி நாற்காலிகள்

கோர்ட்டில் ஜெயித்தவர் மைதானத்தில் திண்டாடினார். பெரிய கிரிக்கெட் மைதானங்களை அவருக்குத் தர மறுத்து விட்டார்கள். மெல்போர்ன் புறநகரில் இருந்த ஒரு கால்பந்து மைதானத்தைப் பிடித்தார். அங்கே கிரிக்கெட் பிட்ச் இல்லை. வேறு இடத்தில் பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் மண்ணும் புல்லும் போட்டுப் பிட்ச் வளர்த்து, தூக்கி வந்து பதித்தார்கள்.

1977 டிசம்பர் 2-ந்தேதி அவருடைய முதல் "சூப்பர் டெஸ்ட்" தொடங்கியது. 70 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கில் 3 ஆயிரம் பேர்கூட இல்லை. அதே நாளில் பிரிஸ்பேனில், பேடி தலைமையில் போன இந்திய அணி முதல் டெஸ்டைத் தொடங்கியது. பேக்கர் அணியில் இந்தியர் எவரும் சேரவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு, ஓய்வு பெற்று 10 ஆண்டு ஆன 41 வயது பாபி சிம்சன் கேப்டனாகத் திரும்பி வந்திருந்தார். அந்தத் தொடர் 3-2 என்று கடைசி டெஸ்ட் வரை இழுத்தது. மெல்போர்னில் சந்திரசேகர் 12 விக்கெட் எடுத்தார். பேக்கரின் நட்சத்திரங்களைவிட நம் சுழல்பந்துக்காரர்களுக்கே அந்த ஆண்டு கூட்டம் சேர்ந்தது என்பது இந்தியர்கள் பெருமைப்பட வேண்டிய சங்கதி.

ஆனால் அந்தக் கால்பந்து மைதானத்தில் விளக்குக் கோபுரங்கள் இருந்தன. டிசம்பர் 14-ந்தேதி அங்கே ஒரு நாள் பந்தயத்தை இரவில் நடத்தினார். விளக்கொளியில் கிரிக்கெட் அதற்கு முன்பும் உண்டு. 1952-ல் லண்டனில் ஒரு கால்பந்து மைதானத்தில், ஓர் ஆட்டக்காரரின் உதவி நிதிக்காக ஆடினார்கள். அது ஒரு நாள் வேடிக்கை. பேக்கர் அதைத் தொழிலாக்கினார். சிவப்புப் பந்து இரவில் தெரியாது என்பதால் வெள்ளைப் பந்து கொண்டு வந்தார். பகலில் காலியாகக் கிடந்த அரங்கு இரவில் மெல்ல நிரம்பியது. ஜனவரியில் ஓர் இரவு 24 ஆயிரம் பேர் வந்தனர். வேலை முடித்து, வீட்டுக்குப் போய், பிள்ளை குட்டிகளோடு வந்தவர்கள் அவர்கள்.

திறந்த கதவு

அடுத்த ஆண்டு சிட்னி மைதானமே அவருக்குக் கிடைத்தது. மாநில அரசின் ஆதரவோடு ஆறு விளக்குக் கோபுரங்கள் எழுந்தன. 1978 நவம்பர் 28-ந்தேதி இரவு ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கிந்தியத்தீவு அணிக்கும் ஒரு நாள் பந்தயம். டிக்கெட் வாங்க நின்ற கூட்டம் தெருவை அடைத்தது. பேக்கர் அதைப் பார்த்தார். வாசல் கதவுகளைத் திறந்து விட்டு, எல்லோரையும் சும்மா உள்ளே விடச் சொன்னார். 44 ஆயிரம் பேர் வரை கணக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு நுழைந்தவர்களை எண்ணுவார் இல்லை. காசில் கறாரான மனிதர் காசு வாங்காமல் கதவைத் திறந்த அந்த இரவோடு சண்டை முடிந்த மாதிரிதான்.

1979 மே 30-ந்தேதி போர்டு சமரசத்துக்கு வந்தது. முன்பு மறுத்த ஒளிபரப்பு உரிமை பேக்கருக்கே போனது. அவரும் தனிக் கடையை மூடினார். ஆனால் இரவு ஆட்டம், வெள்ளைப் பந்து, வர்ண உடை, தலைக்கவசம் எல்லாம் தங்கி விட்டன. இந்தியாவில் முதல் பகல்-இரவு ஒரு நாள் பந்தயம் 1984 செப்டம்பர் 28-ந்தேதி டெல்லியில் நடந்தது. சேப்பாக்கம் 1996 உலகக் கோப்பைக் கால் இறுதியை விளக்கொளியில் பார்த்தது.

மீதி வாழ்க்கை

பேக்கர் சூதாட்டப் பிரியர். லண்டனிலும் லாஸ் வேகாசிலும் ஒரே இரவில் பல லட்சங்களை வைத்து ஆடுவார். வியாபாரத்திலும் அப்படித்தான். 1987-ல் தன் டெலிவிஷன் நிலையங்களை ஆலன் பாண்ட் என்ற முதலாளிக்கு 100 கோடி டாலருக்கு மேல் விற்றார். மூன்றே ஆண்டில், பாண்ட் நொடித்துப் போனதும், அதில் கால்வாசி விலைக்கே திரும்ப வாங்கினார். ஒரு விசாரணைக் கமிஷன் அவர் மீது சந்தேகங்களைக் கிளப்பியதும் உண்டு. 1987-ல் மத்திய அரசு அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது.

1990 அக்டோபரில் போலோ மைதானத்தில் மாரடைப்பு வந்து விழுந்தார். சில நிமிடம் இதயம் நின்றே போனது. அங்கு வந்த ஆம்புலன்சில் இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி தற்செயலாக இருந்தது. அதனால் பிழைத்தார். எல்லா ஆம்புலன்சிலும் அது இல்லை என்று தெரிந்ததும், மாநிலம் முழுவதற்கும் கருவி வாங்கப் பாதிச் செலவைத் தானே ஏற்றார். மீதிப் பாதியை அரசு கொடுத்தது. 2000-ல் அவருடைய ஹெலிகாப்டர் ஓட்டி தன் சிறுநீரகம் ஒன்றை அவருக்குத் தானம் செய்தார். தன் ஊழியர் தன் உடம்பையே கொடுக்கும் அளவுக்கு நடந்து கொண்ட முதலாளி என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2005 டிசம்பர் 26-ந்தேதி பேக்கர் காலமானார். அந்தமானில் அது சுனாமியின் முதலாண்டு நினைவு நாள். மறுநாள் மெல்போர்ன் டெஸ்டில் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் எழுந்து நின்று மவுன அஞ்சலி செலுத்தினர்.

டெஸ்டுக்கு வந்த விளக்கு

பேக்கர் தன் சூப்பர் டெஸ்டுகள் சிலவற்றையும் விளக்கொளியில் நடத்திப் பார்த்தார். ஆனால் அதிகாரபூர்வ டெஸ்டுக்கு விளக்கு வர, சமரசத்துக்குப் பிறகும் 36 ஆண்டு ஆனது. தடையாக நின்றது பந்துதான். சிவப்புப் பந்து இரவில் பிட்சின் நிறத்தோடு கலந்து விடும். வெள்ளைப் பந்து சீக்கிரம் அழுக்காகி விடும். டெஸ்டில் ஒரு பந்து 80 ஓவர் தாங்க வேண்டும். பல நிறங்களைச் சோதித்து, கடைசியில் இளஞ்சிவப்புப் பந்தைப் பிடித்தார்கள். 2015 நவம்பர் 27-ந்தேதி அடிலெய்டில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் முதல் பகல்-இரவு டெஸ்டை ஆடின. முதல் நாள் மட்டும் 47,441 பேர் வந்தனர். மூன்று நாளில் ஆட்டம் முடிந்தது. மொத்தம் 1,23,736 பேர். பேக்கர் போட்ட கணக்கு அவர் இறந்து 10 ஆண்டு கழித்தும் சரியாக வந்தது.

கணக்கில் வராதவையும் இருந்தன. இளஞ்சிவப்புப் பந்தின் பளபளப்புக்காக மேலே கூடுதலாக மெருகு பூசுகிறார்கள். அது தேயாமல் இருக்கப் பிட்சில் புல்லை விட்டு வைக்கிறார்கள். பொழுது சாயும் அந்த அரை மணி, முக்கால் மணி நேரம் பந்து வீசுகிறவனுக்கு யோகம். மட்டை பிடிப்பவனுக்குக் கண்டம். 2016-ல் அடிலெய்டில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் டூ பிளெசி தான் 118 ரன்னோடு ஆடிக் கொண்டிருந்தபோதே, 9 விக்கெட்டுக்கு 259 என்ற நிலையில் ஆட்டத்தை முடித்துக் கொண்டார். இருட்டில் எதிரியை ஆட வைக்கத்தான் அந்த அவசரம். திறமையோடு நேரமும் சேர்ந்து முடிவு செய்கிறது என்றால் அது நியாயமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எளிதல்ல.

நம் நாட்டில் இன்னொரு கஷ்டம் பனி. 2019 நவம்பர் 22-ந்தேதி கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் இந்தியாவின் முதல் பகல்-இரவு டெஸ்ட் நடந்தது. அங்கும் நவம்பரில் அந்தமான் மாதிரியே 5 மணிக்குள் சூரியன் மறைந்து விடும். பனிக்குப் பயந்து பகல் 1 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்தார்கள். அரங்கு நிரம்பியது. கோலி 136 ரன் அடித்தார். ஆனால் வங்கதேசத்தின் 19 விக்கெட்டையும் வேகப்பந்துக்காரர்களே எடுத்தனர். நம் அஸ்வினுக்கு ஒன்றுகூட இல்லை. சுழல்பந்தால் பேர் வாங்கிய நாட்டில் சுழல்பந்துக்காரர் சும்மா நின்ற டெஸ்ட் அது. பந்து தலையில் பட்டு வங்கதேச ஆட்டக்காரர்கள் இருவர் வெளியேறவும் நேர்ந்தது.

2021 பிப்ரவரியில் ஆமதாபாத்தில் நேர்மாறு. சுழல்பந்துக்காரர்கள் இங்கிலாந்தை 112, 81 என்று சுருட்டினார்கள். அக்சர் பட்டேலுக்கு 11 விக்கெட். இரண்டே நாளில் ஆட்டம் முடிந்தது. ஐந்து நாளுக்கு டிக்கெட் வாங்கியவன் மூன்று நாள் என்ன செய்வான்? 2025 ஜூலையில் ஜமைக்காவில் மேற்கிந்தியத்தீவு அணி 27 ரன்னில் சுருண்டதும் பகல்-இரவு டெஸ்டில்தான். 2020-ல் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் வீழ்ந்ததையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அது தவறு. அந்த விக்கெட்டுகளில் ஒன்றைத் தவிர மற்றவை விழுந்தது நல்ல வெயிலில். விளக்கின் மேல் பழி போட முடியாது.

பெங்களூரில் 2022 மார்ச்சில் மூன்றாவதை நடத்திய பிறகு இந்திய போர்டு தயக்கம் காட்டியது. சீக்கிரம் முடிந்து விடுகிறது என்பதே அதற்குப் பெரிய காரணம்.

இன்னொரு வேடிக்கை. ஆஸ்திரேலியாவின் சாதாரண டெஸ்டுகள் இந்திய நேரப்படி விடியற்காலையில் தொடங்கும். அந்தமான்காரர் வேலைக்குக் கிளம்புமுன் ஓரிரு மணி நேரமாவது பார்த்து விடலாம். அங்கே விளக்குப் போட்டு ஆடினால் இங்கே காலை 9½ மணிக்குத் தொடங்கி, ஆபீஸ் மூடும்போது முடியும். சிட்னித் தொழிலாளிக்கு வசதியான நேரம், போர்ட் பிளேர் குமாஸ்தாவுக்குப் பேரேட்டு நேரம். ஈடன் தோட்டத்தின் விளக்குதான் நமக்கு உதவும் விளக்கு.

டெஸ்ட் கிரிக்கெட்டின் 150-வது ஆண்டுப் பந்தயம் 2027 மார்ச்சில் மெல்போர்னில் நடக்கும் என்று அறிவித்தார்கள். 50 ஆண்டுக்கு முன்பு பேக்கர் ஓசைப்படாமல் ஆள் சேர்த்த காலத்தில் நூற்றாண்டு விழா நடந்த அதே மைதானம். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் போர்டின் வாரிசுகள் அதைப் பகல்-இரவு டெஸ்டாக நடத்த முடிவு செய்திருக்கிறார்கள்.