மானிப்பாய் வைத்தியர் கிறீன்

மேனாட்டுக் கலைகளைத் தமிழிற் கற்பித்தல் ஒல்லுமோ ஒல்லாதோ என்னும் வினா நம் கல்லூரி மாணவரிடையே அடிக்கடி எழுவதொன்றாம். கணிதமும் வான நூலும் ஒருவாறு தமிழில் அமையக்கூடும். மருத்துவமும் பொறிநூலும் ஒருகாலும் அமையா என்பார் பலர். இவ்வழக்கினை வாயாற் பேசித் தீர்க்க முற்படாது கையாற் செய்து காட்டிய ஒருவருடைய வாழ்க்கையினை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் பிறந்தது அமெரிக்காவில்; உழைத்தது யாழ்ப்பாணத்து மானிப்பாயில். எனினும் அவர்தம் நூல்களுட் சில நமக்கு அணித்தாகிய நாகர்கோவிலில், லண்டன் மிஷன் அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பெற்றனவாகலின், அவரை அயலாரென ஒதுக்குதற்கு எமக்கு மனம் வரவில்லை.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாகாணத்து உஸ்டர் நகரிற் பிறந்தார். 1845-ல் நியூயார்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். அவர் தமையனார் ஆண்ட்ரூ கிறீன் என்பார் பின்னாளில் நியூயார்க்கின் நடுப்பூங்கா அமைவதற்கும், பிரிந்து கிடந்த பல ஊர்கள் இணைந்து அப்பெருநகராதற்கும் காரணராகிப் பெரும் புகழெய்தினார். தம்பியாரும் அந்நகரிலேயே இருந்திருப்பின் செல்வமும் சிறப்பும் ஒருங்கே பெற்றிருக்கலாம். அவரோ 1847-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் கப்பலேறி, அக்டோபரில் வட்டுக்கோட்டை வந்து சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து.

வட்டுக்கோட்டையைப்பற்றி ஈண்டு ஒரு சிறிது சொல்லல் வேண்டும். அங்கே அமெரிக்க மிஷனார் 1823-ல் ஓர் உயர்தரக் கலாசாலை நிறுவியிருந்தனர். அதன் தலைவராகிய தானியேல் பூவர் என்பார்க்கும், அராலியில் வாழ்ந்த பஞ்சாங்க கணிதராகிய விசுவநாத சாஸ்திரியார்க்கும் 1829-ல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் குறித்துக் கணக்கு வேறுபாடு உண்டாயிற்று. ஊரார் பலர் நோக்கியிருப்பப் பூவர் கணித்தவாறே கிரகணம் நிகழ்ந்ததென்பர். இக்கதையை நம்மவர் சொல்லுங்கால் சாஸ்திரியாரை எள்ளிச் சிரிப்பதுண்டு. அது தகாது. தொலைநோக்கியின்றி, வாய்பாடுகளை நெஞ்சிற்கொண்டு கிரகணத்தையே முன்னறிந்து கூறும் ஆற்றல் எளியதன்று. அதனை உணர்ந்தமையாலன்றோ அக்கலாசாலையிற் பூவர்க்குப் பின்வந்த ஹோய்சிங்டன், நம் நாட்டுச் சோதிட கணிதத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடனும் விளக்கத்துடனும் 1848-ல் அச்சிட்டு வெளியிட்டார்! அங்குப் பயின்று ஆசிரியராயும் விளங்கிய கறல் விசுவநாத பிள்ளை 1855-ல் வீசகணிதத்தைத் தமிழில் இயற்றினார். ஆனால் அதே 1855-ல் கலாசாலை மூடப்பட்டது. ஆங்கிலங் கற்ற மாணவர் பெரும்பாலும் அரசாங்க வேலை நாடிச் சென்றுவிட்டனர் என்பது மிஷன் மேலாளர்க்கிருந்த குறை.

இக்குறையைக் கிறீனும் தம் சாலையிற் கண்டார். அவர் 1848-ல் மானிப்பாய்க்கு மாறி, அங்கே மருந்துச்சாலை வைத்து, சில இளைஞரைச் சேர்த்து ஆங்கிலத்திலேயே வைத்தியங் கற்பிக்கத் தொடங்கினார். கற்றுத் தேர்ந்தவரோ தீவின் பிற பகுதிகளிற் சம்பளத்திற்கமர்ந்தனர். பேதி கண்டு கிராமங்கள் அலறியபொழுது பக்கத்தே நிற்க வைத்தியரில்லை. ஆங்கிலம் மாணவனை ஊரினின்று பெயர்த்தெடுக்கும் ஏணியாயிற்று என்பதனைக் கிறீன் தெளிந்தார். தமிழிற் கற்றவன் தமிழர் நடுவே தங்குவான். தன் அயலார்க்கு நோயின் காரணத்தையும் அவர் மொழியிலேயே எடுத்துரைப்பான் என்பது அவர் துணிபு. உடையிலும் ஊணிலும் அவன் தன் நாட்டானாகவே இருத்தல் வேண்டுமென்றும் அவர் விரும்பினார். 1857-க்குப்பின் சில யாண்டுகள் தாய்நாட்டிலிருந்து, 1862-ல் மணம்புரிந்து மனைவியாருடன் மீண்டு வந்த அவர், 1864 முதல் வைத்திய வகுப்பை முற்றுந் தமிழிலேயே நடத்தலானார்.

இதனால் மாணவர்க்கு இழப்பில்லையென்று யாம் கூறோம். ஆங்கிலம் அறிந்தவனுக்குத் திறந்திருந்த வாயில் தமிழ் மட்டும் அறிந்தவனுக்கு அடைபட்டிருந்தது. தந்தையர் நிலம் விற்றுப் பிள்ளையைப் படிப்பித்தது உத்தியோகத்தின் பொருட்டு. அங்ஙனமிருக்க, உத்தியோகந் தாராத படிப்பை உயர்ந்ததெனச் சொல்லிக்கொடுக்க அயல்நாட்டாரொருவர்க்கு என்ன உரிமை என்று வினவின், அவ்வினா நியாயமானதே. யாமும் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வேமாகலின் உற்றார் உறவினர் கேட்கும் இத்தகைய வினா எமக்குப் புதிதன்று.

ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. எம் ஊராகிய சங்கரன்கோவிலுக்குப் பிணியாளர் பலர் வருவர். சங்கரநாராயணர் கோவிற் புற்றுமண்ணைப் பூசித் தோற்பிணி தீருமென நம்பி நெடுந்தொலைவிலிருந்து வருவாரும் உளர். அம்மண்ணைத் தருவார் அதனை எங்ஙனம் பூசுவது, எத்தனை நாட் பூசுவது என்று அவர்க்கு விளங்கும் மொழியிலேயே சொல்லுகின்றனர். அதே பிணியாளர் பேருந்தேறிப் பெருநகர் மருத்துவமனைக்குச் சென்று மீளுங்கால் கையில் ஓர் ஆங்கிலச் சீட்டு இருக்கும். தம் உடம்பைப்பற்றித் தாளில் எழுதியிருப்பது யாதென்று அவர் அறியார், வீட்டாரும் அறியார், மருந்துக் கடைக்காரர் சொல்வதே வேதம். மண்ணிற்குள்ள நம்பிக்கை மருந்திற்கு ஏன் இல்லையென்று அப்பால் நாம் வியக்கின்றோம்! கிறீன் நூற்றறுபது ஆண்டுகட்கு முன்னரே இவ்விடத்தைத் தொட்டுவிட்டார்.

நூலின்றி வகுப்பு நடவாது. கட்டர் என்பார் இயற்றிய உடற்கூற்று நூல் 1857-லேயே அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் எனத் தமிழில் வெளிவந்திருந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முட்டுகின்றது. எனினும் முதன் முயற்சியன்றோ! பின்னர் இரணவைத்தியம் 1867-லும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872-லும், கெமிஸ்தம் 1875-லும், மனுஷ சுகரணம் 1883-லும் வந்தன. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் என்பது உலகெங்கும் மருத்துவ மாணவர் இன்றும் அறிந்த கிரே என்பாருடைய நூலின் தமிழாக்கம். மாணவர்களாகிய டான்போர்த், சாப்மன் முதலியோர் மொழிபெயர்க்க, கிறீன் ஒவ்வொரு பகுதியையும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். எல்லாங் கூட்டின் நாலாயிரம் பக்கங்களுக்கு மேலாம். நோயாளரைப் பார்த்து, வகுப்பு நடத்தி, எஞ்சிய நேரத்தில் இத்துணை வேலை நடந்ததென்பதை எண்ணுங்கால் எமக்கு நாணமே உண்டாகின்றது.

சொற்களை அவர் ஆக்கிய முறை தமிழ் மாணவர் கருதத்தக்கது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் தமிழில் நிகருண்டோவென்று தேடுவர். இல்லையேல் வடமொழியை நாடுவர். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கிணங்கத் திரிப்பர். கெமிஸ்தம் என்பது அவ்வாறு வந்தது. ஒருமுறை கொண்ட சொல்லை எல்லா நூலிலும் மாறாது வழங்குதற்பொருட்டு அருஞ்சொற்றொகுதிகளும் அச்சிட்டார். அவர் சொற்கள் யாவும் எமக்கு உடன்பாடென்று சொல்லற்கில்லை. சுகரணம், உற்பாலனம் என்பன அன்றைக்கே பாமரர்க்கு விளங்கியிரா. பதார்த்தகுணமும் சித்த வைத்திய ஏடுகளும் கையாண்ட எளிய சொற்களை இன்னும் மிகுதியாக எடுத்திருக்கலாமென்பது எம் கருத்து. இன்று உடற்கூற்றியல், வேதியியல் என வழங்குகின்றோம். ஆயினும் முன்னர் ஒருவர் கெமிஸ்தம் என்றெழுதி ஒரு வகுப்பையே நடத்திக் காட்டினார் என்பதும் நினைக்கற்பாலது.

அவர் தொடங்கியது நிலைபெறவில்லை. 1870-ல் கொழும்பிலே அரசாங்கத்தார் ஆங்கிலத்தில் வைத்தியங் கற்பிக்குங் கல்விச்சாலை திறந்தனர். மாணவர் நாட்டம் அவ்வழியே சென்றது. 1938-ல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டனர். பொறியியலிலோ 2010-ல்தான் அண்ணா பல்கலைக்கழகத்தார் கட்டடம், இயந்திரம் என்னும் இரு துறைகளைத் தமிழிற் கற்பிக்கத் தொடங்கினர். ஆங்கும் உத்தியோகம் கிடைக்குமோ என்னும் பழைய வினாவே மாணவரை எதிர்கொண்டது.

நிற்க. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரைப் பயிற்றிய பின், உடல் தளர்ந்து கிறீன் 1873-ல் மானிப்பாயை விட்டகன்றார். உஸ்டர் நகர் சென்றும் ஓய்ந்தாரல்லர். தமிழ் நூல்களைத் திருத்தும் பணி ஆங்கும் தொடர்ந்தது. பனிபெய்யும் அவ்வூரில் அத்தாள்களைப் படிக்கவல்லார் வேறொருவரும் இருந்திரார். 1884-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயராலேயே வழங்குகின்றது. உஸ்டர் நகரிலுள்ள கல்லறையிலோ, அவர் விரும்பியவாறே, தமிழர்க்கு ஊழியஞ்செய்த மருத்துவ நற்செய்தியாளர் என்னும் பொருள்பட எழுதியிருக்கின்றார்கள்.