மூளையின் ரத்தக் குழாய்களைக் காட்டிய மோனிஸ்

பெரிய ஆஸ்பத்திரிகளில் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். மேஜையில் படுக்க வைத்து, கையில் ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றுவார்கள். சில விநாடிகளில் உடம்பெல்லாம் சூடு பரவும். அது அயோடின் கலந்த மருந்து. எக்ஸ்ரே கதிர்களை அது தடுப்பதால், அது ஓடும் ரத்தக் குழாய்கள் படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டி ஒன்று இருந்தால் அதற்குள் எவ்வளவு ரத்தம் போகிறது என்பதும் தெரியவரும். மூளைக் கட்டியைத் தேட இந்த வழியை முதலில் திறந்தவர் ஈகாஸ் மோனிஸ் என்ற போர்ச்சுக்கல் நாட்டு டாக்டர்.

1874 நவம்பர் 29ந் தேதி அவாங்கா என்ற ஊரில் பிறந்தவர். 1911ல் லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பேராசிரியரானார். அரசியலும் அவரை விடவில்லை. பார்லிமெண்ட் அங்கத்தினர், ஸ்பெயினுக்குத் தூதர், வெளிநாட்டு மந்திரி என்று பதவிகள் வகித்தார். முதல் உலக யுத்தம் முடிந்து பாரிஸில் நடந்த சமாதான மகாநாட்டில் தம் நாட்டுக் குழுவுக்குத் தலைமை வகித்ததும் அவர்தான். சாதாரணமாக இத்தோடு ஒருவர் ஓய்வு பெற்றுவிடுவார். மோனிஸின் பெரிய ஆராய்ச்சியோ ஐம்பது வயதுக்கு மேல்தான் ஆரம்பமாயிற்று.

அந்தக் காலத்தில் மூளைக் கட்டி என்றால் டாக்டர்கள் திணறினார்கள். எக்ஸ்ரே படத்தில் மண்டையோடு தெரியும். உள்ளே மூளை எது, கட்டி எது என்று தெரியாது. இரண்டின் நிழலும் ஒன்றுதான். 1918ல் அமெரிக்க சர்ஜன் வால்டர் டேண்டி மண்டையில் துளையிட்டு மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். பயன் இருந்தது, வேதனையும் ஆபத்தும் கூடவே இருந்தன.

மோனிஸ் வேறு விதமாக யோசித்தார். ரயில் பாதை எங்கே வளைகிறது என்று வரைபடத்தில் பார்த்தால், அங்கே குன்று இருப்பதை ஊகித்துவிடலாம் அல்லவா? அதுபோல, கட்டி வளரும்போது பக்கத்து ரத்தக் குழாய்களை ஒதுக்கித் தள்ளும். குழாய்களைப் படம் பிடித்துவிட்டால் கட்டியின் இடம் அகப்பட்டுவிடும்.

சொல்வது சுலபம். முதலில் சடலங்களிலும் நாய்களிலும் சோதித்தார். பிறகு நோயாளிகளுக்கு புரோமைடு உப்பு ஒன்றைச் செலுத்தினார். படம் சரியாக விழவில்லை. ஒரு நோயாளி இறந்தும் போனார். அதன்பின் சோடியம் அயோடைடு கரைசலுக்கு மாறினார். வாலிபத்திலிருந்தே கீல்வாதத்தால் அவர் கைவிரல்கள் முடங்கியிருந்தன. ஊசி பிடிக்க முடியாது. கழுத்தைத் திறந்து ரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்தியவர் உதவியாளர் அல்மெய்டா லிமா. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவர் மோனிஸ். 1927 ஜூன் 28ந் தேதி, பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருந்த இருபது வயது நோயாளியின் படத்தில், இடம் பெயர்ந்த ரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிந்தன. சில வகைக் கட்டிகளுக்குள்ளேயே குழாய்கள் அடர்ந்து கிடப்பதையும் பின்னர் கண்டார். கட்டி எங்கே என்பதோடு, எந்த ஜாதிக் கட்டி என்பதையும் ஊகிக்க வழி பிறந்தது.

1931 முதல் தோரோட்ராஸ்ட் என்ற மருந்துக்கு மாறினார். படம் பிரமாதமாக விழுந்தது. நோயாளிக்கு வலியும் இல்லை. ஆனால் அதில் இருந்தது கதிர்வீசும் தோரியம். ஈரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து அங்கே புற்றுநோயை உண்டாக்கியது. கட்டியைக் காட்ட வந்த மருந்தே கட்டியைத் தந்தது.

இவருக்கு 1949ல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தக் குழாய்ப் படத்துக்காக அல்ல. 1935ல் துவக்கிய மனநோய் ஆபரேஷனுக்காக. மூளையின் முன்பகுதி இணைப்புகளை வெட்டுவது அந்தச் சிகிச்சை. ஆபரேஷன் செய்துகொண்ட பலர் அடங்கினார்கள் என்பது உண்மை. பலர் சுயபுத்தியையே இழந்தார்கள் என்பதும் உண்மை. 1950களில் மனநோய்க்கு மருந்துகள் வந்ததும் அது மெல்லக் கைவிடப்பட்டது. பரிசு கொடுத்தவர்கள் ஆளைச் சரியாகவும் காரியத்தைத் தவறாகவும் தேர்ந்தெடுத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

1955 டிசம்பர் 13ந் தேதி லிஸ்பனில் மோனிஸ் காலமானார். 1971ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. இயந்திரத்தில் முதல் நோயாளி படுத்தார். சந்தேகம் மூளைக் கட்டிதான். அதே 1971ல் அமெரிக்க சர்ஜன் ஜூடா ஃபோக்மன், புதிய ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ளாமல் எந்தப் புற்றுக்கட்டியும் இரண்டொரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்ற கருத்தை வெளியிட்டார். குழாய் வளர்வதைத் தடுக்கும் மருந்துகள் பின்னால் வந்தன. அவை வேலை செய்கின்றனவா என்று அறிய, அயோடின் மருந்து கட்டிக்குள் ஏறி இறங்கும் வேகத்தை சி.டி.யில் விநாடிக் கணக்கில் அடுத்தடுத்துப் படமெடுத்து அளக்கிறார்கள். கட்டி சுருங்குமுன்பே அதன் ரத்த ஓட்டம் குறைவது தெரிந்துவிடும்.

இன்று கழுத்தைத் திறக்க வேண்டியதில்லை. கையில் ஒரு ஊசி போதும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், முன்பு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் படுக்குமுன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.