‘மட்டுமே’ என்னும் சொல்: மார்ட்டின் லூதரின் வாழ்வும் கொள்கையும்

மனிதன் வீடுபேறு எய்துவது தன் நற்செயல்களாலா, இறைவனின் அருளாலா? சமயங்கள் பலவும் ஆராய்ந்த இவ்வினாவைத் தம் நெஞ்சில் நெருப்பெனச் சுமந்தவர் பதினாறாம் நூற்றாண்டுச் செருமானியத் துறவி மார்ட்டின் லூதர். அவர் கண்ட விடை அவருக்கு அமைதியைத் தந்தது. மேலைத் திருச்சபையையோ இரண்டாகப் பிளந்தது.

துறவும் தவிப்பும்

லூதர் 1483ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் ஐஸ்லேபன் என்னும் ஊரில் பிறந்தார். செப்புச் சுரங்கத் தொழிலில் உழைத்து உயர்ந்த தந்தை ஹான்ஸ், மகனைச் சட்ட வல்லுநராக்க விரும்பினார். எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் 1505இல் முதுகலைப் பட்டம் பெற்ற லூதர் சட்டம் பயிலவும் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஒரு நாள், வழிநடையில் பெருமழையும் இடியும் அவரைச் சூழ்ந்தன. உயிரச்சத்தில் புனித அன்னாளை வேண்டி, பிழைத்தால் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். பதினைந்தே நாள்களில் அகுஸ்தீனார் துறவுமடத்தின் கதவைத் தட்டினார்.

மடத்தின் ஒழுங்குகளை அவரினும் கடுமையாகக் கைக்கொண்டவர் சிலரே. உண்ணா நோன்பு, உறக்கமற்ற வழிபாடு, மணிக்கணக்கில் நீளும் பாவ அறிக்கை என எதையும் அவர் விடவில்லை. எனினும் செய்தவை போதுமா என்னும் ஐயம் தீரவில்லை. இறைவனின் நீதி என்னும் தொடரே அவருக்கு அச்சமூட்டிற்று; தண்டிக்கும் நடுவரையே அத்தொடரில் அவர் கண்டார். அவரது தவிப்பை உணர்ந்த மடத்தலைவர் ஸ்டவ்பிட்ஸ், அவரைத் திருமறை கற்பிக்கும் பணிக்கு ஆற்றுப்படுத்தினார். 1512இல் முனைவர் பட்டம் பெற்ற லூதர் விட்டன்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

திருப்பாடல்களையும், பவுல் அடிகள் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய திருமுகங்களையும் கற்பித்த ஆண்டுகளில் புதிய பொருள் ஒன்று அவருக்குப் புலனாயிற்று. இறைவனின் நீதி என்பது மனிதனிடம் கேட்கப்படும் கடன் அன்று. கிறிஸ்துவின்பொருட்டு அவனுக்கு வழங்கப்படும் கொடை. அதனை ஏற்கும் கையே விசுவாசம். இத்தெளிவு எந்த ஆண்டில் பிறந்தது என்பதில் ஆய்வாளர் வேறுபடுவர். பிறந்தபின் லூதர் வேறொரு மனிதரானார் என்பதில் வேறுபாடில்லை.

சீட்டும் சீற்றமும்

பாவத்திற்குரிய தண்டனையைக் குறைப்பதாகக் கூறும் சலுகைச் சீட்டுகள் அந்நாளில் பணத்திற்கு வழங்கப்பட்டன. உரோமில் புனித பேதுரு பேராலயம் எழுப்பவும், பேராயர் ஆல்பிரெக்ட் பட்ட கடனைத் தீர்க்கவும் அப்பணம் பயன்பட்டது. அருளுக்கு விலை குறிப்பதைப் பொறாத லூதர் 1517 அக்டோபர் 31இல் 95 கருத்துரைகளை எழுதிப் பேராயருக்கு அனுப்பினார். அச்சுப்பொறி அவற்றை நாடெங்கும் கொண்டுசென்றது. 1521 ஜனவரியில் போப்பாண்டவர் அவரைத் திருச்சபையினின்று நீக்கினார். ஏப்ரலில் வோர்ம்ஸ் பேரவையில், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன்னிலையில், தம் நூல்களைத் திரும்பப் பெற மறுத்தார். உயிருக்கு ஊறு நேராதபடி, சாக்சனி அரசர் பிரெடரிக் அவரை வார்ட்பர்க் கோட்டையில் மறைத்துவைத்தார்.

ஒரு சொல் எழுப்பிய பூசல்

அம்மறைவிடத்தில் ஏறத்தாழப் பதினொரு வாரங்களில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து செருமானியத்தில் பெயர்த்தார். அது 1522 செப்டம்பரில் வெளிவந்தது. உரோமையர் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், மனிதன் விசுவாசத்தால் நீதிமானாகிறான் என்னும் இடத்தில், கிரேக்க மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்னும் சொல்லை அவர் சேர்த்திருந்தார். இறைவாக்கில் கைவைத்தார் என எதிர்ப்பாளர் கொதித்தனர். 1530இல் லூதர் மொழிபெயர்ப்புப் பற்றித் திறந்த மடல் எழுதி மறுமொழி தந்தார். ஒன்றை உடன்பட்டு மற்றொன்றை விலக்கும்போது அச்சொல்லைச் சேர்ப்பதே செருமானிய மக்களின் பேச்சு இயல்பு என்றும், பவுல் அடிகளின் கருத்தும் அதுவே என்றும் வாதிட்டார். தமிழில் பிரிநிலை ஏகாரம் செய்யும் பணியை அங்கு அச்சொல் செய்தது.

ஆயினும் ஓர் இடர் எஞ்சியது. விசுவாசத்தினால் மட்டும் என்னும் தொடர் திருமறையில் நேராக வருமிடம் ஒன்றே. அது யாக்கோபின் திருமுகம். அங்கோ அது மறுக்கப்படுகிறது. அதனால் லூதர் அத்திருமுகத்தைக் குறைவாகவே மதித்துத் தம் பதிப்பின் இறுதிப் பகுதிக்குத் தள்ளினார்.

நற்செயலின் இடம்

அறம் வேண்டுவதில்லை என அவர் கற்பித்ததாகக் கருதுவோர் உண்டு. அது பொருந்தாது. நல்ல மரம் நற்கனி தரும். கனி மரத்தை நல்லதாக்குவதில்லை என்பதே அவர் கொள்கை. இறைவனுக்கு நம் நற்செயல் தேவையில்லை, அயலானுக்கே தேவை என அவர் தெளிந்தார். 1527இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது பல்கலைக்கழகம் யேனா நகருக்கு இடம்பெயர்ந்தது. லூதரோ அரசரின் ஆணையையும் மீறி அங்கேயே தங்கினார். கருவுற்றிருந்த மனைவி கத்தரீனாவுடன் நோயாளிகளைத் தம் இல்லத்திலேயே பேணினார். வீடுபேற்றை ஈட்டும் வேட்கையின்றிச் செய்த தொண்டு அது.

ஆனால் அதே மரத்தில் கசப்புக் கனிகளும் காய்த்தன. 1525இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை ஒடுக்குமாறு ஆள்வோரை வன்சொற்களால் தூண்டினார். 1543இல் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதிய கொடிய நூலைப் பிற்காலத்தில் நாசிகள் தமக்குத் துணையாக்கினர். அருளை அளவின்றிப் பேசியவர் அயலாரிடம் அருளற்றுப் போன இவ்விடங்களை மறைத்தல் வரலாறாகாது.

மறைவும் எச்சமும்

1546 பிப்ரவரி 18இல், தாம் பிறந்த ஐஸ்லேபனிலேயே லூதர் மறைந்தார். மறு ஆண்டு திரெந்து பொதுச்சங்கம், விசுவாசம் மட்டுமே போதும் என்னும் கொள்கையைக் கண்டித்தது. இரு தரப்பும் நெடுங்காலம் பகைத்து நின்றன. 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. மனிதன் ஏற்புடையவனாவது தன் தகுதியால் அன்று, அருளால். நற்செயல்கள் அவ்வருளின் விளைவு என்பதில் இரண்டும் உடன்பட்டன.

மக்கள் மொழியில் மறை என்னும் அவர் வேட்கை கடல் கடந்தும் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூதரன் அருட்பணியாளர் சீகன்பால்கு தமிழ் கற்றுப் பெயர்த்த புதிய ஏற்பாடு, 1714–15இல் அவ்வூரிலேயே அச்சேறியது.

செய்தது போதுமா என்று நடுங்கிய ஓர் இளந்துறவியின் அச்சத்திலிருந்து பிறந்ததே ‘மட்டுமே’ என்னும் சொல். அச்சொல்லை ஏற்போரும் மறுப்போரும், அதன் பின்னே நின்ற அத்தவிப்பை மறக்காதிருத்தல் தகும்.