ஆத்திரத்தை அடக்கி ஆண்ட ஆர்தர் ஆஷ்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். டென்னிஸ் ஆட்டத்துக்கு இது மிகவும் பொருந்தும். ஒற்றையர் ஆட்டத்தில் தோள் கொடுக்கக் கூட்டாளி இல்லை. ஒரு பந்து தவறினால் அந்த எரிச்சலே அடுத்த பந்தையும் கெடுத்துவிடும். இதை அறிந்து மனத்தைக் கட்டுக்குள் வைத்து ஆடியவர் அமெரிக்காவின் ஆர்தர் ஆஷ்.

வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டு நகரில் 1943ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். தந்தை, கறுப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட விளையாட்டுப் பூங்கா ஒன்றைப் பராமரித்து வந்தார். வீடும் அந்தப் பூங்காவிலேயே இருந்ததால் டென்னிஸ் மட்டை சிறுவயதிலேயே கைக்கு வந்தது. ஆனால் நகரின் நல்ல ஆடுகளங்கள் வெள்ளையருக்கே உரியவையாக இருந்தன.

சிறுவனின் திறமையைக் கண்டு பயிற்சி அளித்தவர் லிஞ்ச்பர்க் நகர மருத்துவர் ராபர்ட் வால்டர் ஜான்சன். அவர் ஆட்டத்தோடு அடக்கத்தையும் கற்பித்தார். எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே விழுந்தாலும் உள்ளே விழுந்ததாகக் கருதி ஆட வேண்டும். நடுவரிடம் வாதாடக் கூடாது. இடம் மாறும்போது பந்துகளை எதிராளியின் கையில் மரியாதையாகக் கொடுக்க வேண்டும். வெள்ளையரின் போட்டிகளில் கறுப்புச் சிறுவன் ஒருவன் சச்சரவு செய்தால், அதையே சாக்காக வைத்து வெளியேற்றிவிடுவார்கள் என்பதே காரணம். ஆஷின் பொறுமை பிறவிக் குணம் மட்டுமல்ல. தற்காப்புக்காகப் பழகிய வித்தையும்கூட.

1963இல் டேவிஸ் கோப்பை அணியில் இடம் பெற்ற முதல் கறுப்பர் ஆனார். 1968இல் டாம் ஓக்கரை ஐந்து செட்களில் வென்று அமெரிக்க ஓப்பன் பட்டத்தையும், 1970இல் ஆஸ்திரேலியப் பட்டத்தையும் பெற்றார்.

பெரிய சோதனை 1975 ஜூலை 5ஆம் தேதி விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் வந்தது. ஆஷுக்கு 32 வயது நிறைய ஐந்து நாட்களே இருந்தன. எதிரில் நடப்புச் சாம்பியன் ஜிம்மி கானர்ஸ், வயது 22. அவர் ஆஷ் மீது மான நஷ்ட வழக்கும் தொடுத்திருந்தார். மனம் கொதிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்!

ஆஷ் இயல்பாகப் பந்தை ஓங்கி அடிப்பவர். வேகமான பந்துதான் கானர்ஸுக்குத் தீனி. எனவே நண்பர்களுடன் கலந்து யோசித்து, வேகத்தைக் குறைத்து, பந்தைத் தாழ்வாகவும் அகலமாகவும் அனுப்பினார். ஓய்வு நேரங்களில் நாற்காலியில் கண்களை மூடி அமர்ந்தார். முதல் இரண்டு செட்களும் 6-1, 6-1. மூன்றாவது 5-7 எனப் பறிபோனது. நான்காவதில் 0-3 எனப் பின்தங்கினார். பதற்றத்தில் பழைய அதிரடிக்குத் திரும்ப மனம் இழுக்கும் நேரம் அது. ஆஷ் தம் திட்டத்தை விடவில்லை. 6-4 என முடித்து, விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பின ஆடவர் ஆனார்.

அவரும் மனிதரே. அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் இலி நஸ்டாஸேயின் சீண்டல் எல்லை மீறியது. முன்னணியில் இருந்த ஆஷ் பொறுமை இழந்து ஆட்டத்தை விட்டே வெளியேறினார். பின்னர் வெற்றி அவருக்கே அளிக்கப்பட்டது. ஆயினும் கோபம் எந்தக் கணத்திலும் கைமீறக்கூடும் என்பதற்கு அது சான்று.

1979இல் மாரடைப்பு தாக்கியது. மறு ஆண்டு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1983இல் இதய அறுவை சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தால் எய்ட்ஸ் கிருமி தொற்றியது. 1992 ஏப்ரலில் அதை உலகுக்கு அறிவித்தபோது, மகளைப் பற்றிய இடத்தில் அவருக்குக் குரல் அடைத்தது. அந்தப் பகுதியை மனைவி படித்தார். கானர்ஸ் முன் கலங்காத நெஞ்சம் குழந்தைக்காகக் கலங்கியது. அதில் இழுக்கு ஏதும் இல்லை.

1993 பிப்ரவரி 6ஆம் தேதி, 49ஆவது வயதில் மறைந்தார். வெள்ளையரின் ஆடுகளத்தில் அவரை அனுமதிக்காத அதே ரிச்மண்டு நகரம், 1996இல் தன் முக்கிய வீதியில் அவருக்குச் சிலை எழுப்பியது.