கம்பிக்கு இருபுறமும்

1921ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள், வேலூர் மத்திய சிறைக்குள் வழக்கறிஞர் ஒருவர் கைதியாக நுழைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. மெலிந்த உடல்வாகு, நெடுநாளாக விடாத ஆஸ்துமா. சேலத்தில் குற்றவியல் வழக்குகளை நடத்திப் பெயரும் பொருளும் ஈட்டியவர் அவர். பிறரைச் சிறைக்குப் போகாமல் காப்பதே பல ஆண்டுகள் அவருடைய தொழிலாக இருந்தது. அன்று அவருக்காக வாதாட எந்த வழக்கறிஞரும் இல்லை. அவரும் அதை விரும்பவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியவர்கள் ஆங்கிலேயர் நீதிமன்றத்தில் எதிர்வாதம் செய்வதில்லை என்று உறுதி பூண்டிருந்தனர். 144ஆம் பிரிவின்கீழ்ப் பிறப்பிக்கப்பட்ட தடை உத்தரவை மீறியதற்காக அவருக்கு மூன்று திங்கள் வெறுங்காவல் விதிக்கப்பட்டது. அவர்தாம் பின்னாளில் இராஜாஜி என்று நாடு முழுவதும் அறியப்பட்ட சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி அவர் பிறந்த ஊர். 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தார். தந்தை வெங்கடாரியர் அவ்வூரின் முன்சீப், தாயார் சிங்காரம்மாள். இன்று ஓசூர் என்றவுடன் சிப்காட் தொழிற்பேட்டையும், நெடுஞ்சாலையில் வரிசையாக நகரும் சரக்கு வண்டிகளும் நினைவுக்கு வரும். அன்று அது சேலம் மாவட்டத்தின் வடமேற்கு மூலை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் கலந்து ஒலித்த எல்லைப் பகுதி. அப்பால் மைசூர் அரசு. இராஜாஜி பள்ளிப் படிப்பை ஓசூரிலும், கல்லூரிப் படிப்பைப் பெங்களூரிலும், சட்டப் படிப்பைச் சென்னையிலும் முடித்தார். 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞரானார். 1917 முதல் இரண்டு ஆண்டுகள் சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1918ஆம் ஆண்டில் அரசுக்கு எதிராகப் பேசியதாகக் குற்றம் சாட்டப்பட்ட வரதராசுலு நாயுடுவுக்காக வாதாடினார். அடுத்த ஆண்டு காந்தியடிகளைச் சந்தித்தார். அதன்பின் வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார்.

வேலூர்ச் சிறைக்குள் சென்ற நாள் முதல் அவர் நாட்குறிப்பு எழுதினார். அது பின்னர் நூலாக வெளிவந்தது. தமிழில் அந்நூலின் பெயர் ‘சிறையில் தவம்’. தவம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் அமைதியும் தெளிவும் நிறைந்த நாள்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தாயை இழந்த பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார் அவர். மூச்சுத் திணறல் உறங்க விடாத இரவுகளும் இருந்தன.

சிறை வாழ்க்கை என்றவுடன் தமிழர் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்த காட்சியே. பி.ஆர்.பந்துலு இயக்கி 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படத்தில் சிவாஜி கணேசன் அக்காட்சியில் நடித்ததைப் பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டியுள்ள கோலார்ப் பகுதியில் பிறந்த பந்துலு கன்னடத்திலும் தமிழிலும் படங்கள் எடுத்தவர். வ.உ.சி. பெற்றது கடுங்காவல். உடல் உழைப்பைப் பிழிந்தெடுப்பதே அத்தண்டனையின் நோக்கம். இராஜாஜி பெற்ற வெறுங்காவலில் செக்கும் இல்லை, கல்லுடைப்பும் இல்லை. அங்கே வதைப்பது வேறு. ஒரு சிறு கொட்டடி, பூட்டப்பட்ட கதவு, செய்வதற்கு எதுவும் இல்லாத நீண்ட பொழுது. திரையில் காட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை. காட்ட முடியாதது சிறிய துன்பம் என்று சொல்லவும் இயலாது.

அந்தப் பொழுதில் அவர் எண்ணியவை வியப்புக்குரியவை. ஓராண்டுக்குள் சுயராச்சியம் என்ற முழக்கம் நாடெங்கும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதற்காகவே சிறை புகுந்த ஒருவர், 1922 சனவரியில் தம் நாட்குறிப்பில் அதற்கு நேர்மாறான அச்சத்தைப் பதிவு செய்தார். விடுதலை வந்தவுடன் நல்லாட்சியும் மகிழ்ச்சியும் வந்துவிடா, நெடுங்காலத்துக்கு வரமாட்டா, தேர்தலும் அதன் ஊழலும், பணத்தின் கொடுமையும், நிருவாகத்தின் திறமையின்மையும் மக்களின் வாழ்வை வாட்டும், பழைய ஆட்சியே பரவாயில்லை என்றுகூடச் சிலர் ஏங்குவர் என்பது அவருடைய கணிப்பு. எல்லார்க்கும் கல்வியும், இளமை முதலே நல்லொழுக்கப் பயிற்சியும் கிடைப்பது ஒன்றே நம்பிக்கை தரும் வழி என்றும் எழுதினார். இவற்றை எண்ணிய பின்னும் அவர் போராட்டத்திலிருந்து விலகவில்லை என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். வெற்றிக்குப் பின் கசப்பு உண்டு என்று அறிந்தே அவர் அந்த வெற்றிக்காக உழைத்தார்.

அவர் உள்ளே இருந்தபோது வெளியே நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிக்கப்பட்டது. காந்தியடிகள் இயக்கத்தை நிறுத்தினார். மார்ச்சு 18ஆம் நாள் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, மார்ச்சு 20ஆம் நாள், இராஜாஜி விடுதலையானார். தலைவர் உள்ளே சென்றதும் தொண்டர் வெளியே வந்தார். காந்தியடிகள் நடத்திவந்த ‘யங் இந்தியா’ இதழின் ஆசிரியப் பொறுப்பு சில காலம் அவரிடம் வந்தது.

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதரும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் ஆசிரமத்தின் பணிகள். மதுவிலக்குப் பரப்புரைக்காகவே ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தினார். அதில் அவருக்குத் துணை நின்றவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களுடன் நடந்து சென்று உப்பெடுத்தார். தஞ்சை மாவட்ட நிருவாகம் அத்தொண்டர்களுக்கு உணவோ இடமோ தரக்கூடாது என்று மக்களை மிரட்டியும், மக்கள் மறைவாக உணவளித்தனர். ஏப்ரல் 30ஆம் நாள் இராஜாஜி கைதாகித் திருச்சி மத்திய சிறைக்குச் சென்றார். அரசியல் கைதிகளை அ, ஆ, இ என மூன்று வகுப்பாகப் பிரிக்கும் முறை அவ்வாண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. கற்றோர்க்கும் வசதியுடையோர்க்கும் மேல் வகுப்பு. எளிய தொண்டர்களுள் மிகப் பலர்க்குக் கடைசி வகுப்பு. ஒரே சட்டத்தை மீறியவர்கள் சிறைக்குள் வெவ்வேறு சோறு உண்டனர்.

1937 சூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அக்காலத்தில் அவ்வாறே அழைத்தனர். கைதியாக இருந்தவரின் ஆட்சியின்கீழ் இப்போது சிறைகள் வந்தன. அவருடைய ஆட்சியில் நன்மையும் பிழையும் இவ்விடத்தில்தான் அருகருகே நிற்கின்றன.

நன்மையை முதலில் கூறலாம். 1937 அக்டோபர் முதல் நாள், தாம் பிறந்த சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். எல்லைக்கு அப்பால் மைசூர் அரசில் அத்தகைய தடை இல்லை; ஓசூர் போன்ற எல்லை ஊர்களில் இச்சட்டத்தைக் காப்பது எளிதாக இருந்திருக்க முடியாது. அடுத்த ஆண்டு உழவர் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. வட்டியில் மூழ்கிய உழவர்களின் சுமையை அது குறைத்தது. ஊர்ப்புறத்துக் குற்ற வழக்குகளைப் பல ஆண்டுகள் நடத்திய ஒருவர், ஏழைகளைச் சிறை வாசலுக்கு இழுத்துச் செல்லும் பாதைகள் குடியும் கடனும் என்று கண்டிருந்தால் அதில் வியப்பில்லை.

பிழையும் அதே காலத்தில் நேர்ந்தது. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து 1938இல் மாகாணமெங்கும் மறியல் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். கைக்குழந்தைகளுடன் சிறை புகுந்த பெண்களும் அவர்களுள் இருந்தனர். காங்கிரசாரை ஒடுக்குவதற்காக ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தின் ஏழாம் பிரிவே இவர்கள்மீது பாய்ந்தது. அச்சட்டத்தைக் கண்டித்த கட்சியின் ஆட்சியே அதனைக் கையில் எடுத்தது. இராஜாஜியின் நெருங்கிய நண்பரான பெரியார் தண்டிக்கப்பட்டுப் பெல்லாரிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். மன்னிப்பு எழுதிக் கொடுத்து வெளியேற மறுத்த நடராசன் என்னும் இளைஞர், கைதியாக இருந்தபோதே நோயுற்று 1939 சனவரி 15ஆம் நாள் இறந்தார். மார்ச்சுத் திங்களில் தாளமுத்துவும் அவ்வாறே இறந்தார். சென்னை எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை இவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. சட்டத்தை மீறுவோர் தண்டனையை ஏற்க வேண்டும் என்பது இராஜாஜியின் நிலைப்பாடு; தாமும் அவ்வாறே ஏற்றவர் அவர். ஆயினும், சிறையின் தன்மையை உள்ளிருந்து அறிந்த ஒருவருக்குச் சட்டத்தின் வாதம் மட்டும் போதுமா என்னும் கேள்வி நடராசனின் இறப்போடு எழுந்தது. அதற்கு அவர் ஆட்சியில் விடை கிடைக்கவில்லை. 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. கட்டாய இந்தி 1940 பிப்ரவரியில் நீக்கப்பட்டது.

அவ்வாண்டு டிசம்பரில் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் இராஜாஜி மீண்டும் கைதானார். ஓராண்டுத் தண்டனை கிடைத்தது. பதினான்கு திங்களுக்கு முன் மாகாணத்தின் பிரதமராக இருந்தவர், மறுபடியும் கம்பிக்கு உள்ளே. 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. தோழர்கள் அனைவரும் சிறையில் இருக்க, வெளியில் தனித்து நின்று பழிச்சொல் கேட்டார். 1948 சூன் முதல் 1950 சனவரி வரை விடுதலை இந்தியாவின் தலைமை ஆளுநராக, வைசிராய்களுக்கென எழுப்பிய மாளிகையில் வாழ்ந்தார். 1952இல் சென்னையின் முதலமைச்சரானார்.

1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டபோது இராஜாஜிக்குத் தொண்ணூறு வயதைக் கடந்திருந்தது. அம்முடிவைக் கைவிடுமாறு முதலமைச்சர் மு.கருணாநிதியை நேரில் சென்று வேண்டிக்கொண்டார். வேண்டுகோள் பலிக்கவில்லை. 1972 டிசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார். இறுதிச் சடங்குக்குச் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டவர்களுள் ஒருவர், அவருடைய ஆட்சியில் சிறை சென்ற பெரியார்.

இராஜாஜி எழுதிய கதைகளுள் ஒன்று ‘திக்கற்ற பார்வதி’. சிங்கீதம் சீனிவாசராவ் அதைத் திரைப்படமாக்கினார். பார்வதியாக லட்சுமியும், அவள் கணவன் கருப்பனாக ஸ்ரீகாந்தும் நடித்தனர். வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலேயே படப்பிடிப்பு நடந்தது. அமைதியாக வாழ்ந்த ஓர் உழவர் குடும்பத்தைக் கடன் பிடிக்கிறது. பின்னர்க் குடி பிடிக்கிறது. முடிவில் கருப்பன் குற்ற வழக்கில் சிக்குகிறான். கப்பலோட்டிய தமிழனின் சிறை, நாட்டுக்காக ஒருவர் துணிந்து ஏற்றுக்கொண்ட சிறை. கருப்பன் எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. அவனுக்காக முழக்கமிட ஒருவரும் இல்லை. அவனுக்கு மேல் வகுப்பும் கிடைக்காது. வேலூரிலும் திருச்சியிலும் அரசியல் கைதிகளுக்கு அடுத்த கொட்டடிகளில் கிடந்தவர்கள் இவனைப் போன்றவர்களே. கதையின் பெயரோ அவனுடையது அன்று. வழக்குச் செலவுக்கும் வயிற்றுக்கும் வழியின்றி வெளியே நிற்கும் பார்வதியின் பெயரையே இராஜாஜி தம் கதைக்குச் சூட்டினார்.

அப்படம் 1974இல் வெளிவந்து, அவ்வாண்டின் சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அப்போது இராஜாஜி மறைந்து ஓராண்டு கடந்திருந்தது.