காஞ்சித் தறிக்கு மேலே தொங்கும் ‘ஜக்கார்டு’: யார் இந்த மனிதர்?

காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீட்டுக்குள் போனால், தறிக்கு மேலே ஒரு பெட்டியும், அதிலிருந்து மாலை மாதிரி தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகளும் கண்ணில் படும். அதற்குப் பெயர் ஜக்கார்டு. பிரான்ஸில் பிறந்த ஒரு நெசவாளியின் பெயர் அது. அவருடைய உண்மையான குடும்பப் பெயர் சார்ல்ஸ். ஜக்கார்டு என்பது குடும்பத்துக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான்!

ஜோசப் மரி ஜக்கார்டு பிறந்தது 1752-ல், லியோன் நகரத்தில். நம்ம ஊருக்குக் காஞ்சிபுரம் எப்படியோ, பிரான்ஸுக்கு லியோன் அப்படி. அப்பா பட்டு நெசவாளர். அம்மாவும் தறித் தொழிலில்தான் இருந்தார். பத்து வயதில் அம்மாவையும், இருபது வயதில் அப்பாவையும் இழந்தார் ஜக்கார்டு. வீடும் தறிகளும் கைக்கு வந்தன, ஆனால் தொழிலில் தேறவில்லை. சொத்து கரைந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய போரில் ஒரே மகனும் போய்ச் சேர்ந்தான். பெயர் வெளியே தெரியவே அவருக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது.

நூல் இழுக்கும் பையன்

அன்றைக்கு லியோனில் பூ வேலை கொண்ட பட்டு நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார். இன்னொருவர், பெரும்பாலும் ஒரு சிறுவன், ஒவ்வொரு ஊடைக்கும் எந்தப் பாவு நூல்கள் மேலே எழ வேண்டுமோ அவற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். காலையிலிருந்து இரவு வரை இதே வேலை. அவன் கவனம் ஒரு நொடி தப்பினால் பூவின் இதழ் கோணிவிடும்.

காஞ்சியின் பழைய ‘அடை’ முறையிலும் டிசைன் என்பது தறியில் கட்டிய நூல்களில்தான் இருந்தது. டிசைனை மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கட்டு முழுவதையும் மாற்ற வேண்டும்.

இதற்குத் தீர்வு தேடிய முதல் ஆள் ஜக்கார்டு இல்லை. 1725-ல் பசில் பூஷோன் ஓட்டை போட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். 1728-ல் ஃபால்கோன் அதைத் தனித்தனி அட்டைகளாக்கிக் கோத்தார். 1745-ல் வோகான்சோன் கருவியையே தறிக்கு மேலே ஏற்றினார். மூன்றுமே பரவவில்லை. 1803-ல் பாரிஸுக்கு அழைக்கப்பட்ட ஜக்கார்டு, அங்கே வோகான்சோனின் தறியைப் பார்த்தார். ஃபால்கோனின் அட்டைக் கோவையையும் வோகான்சோனின் அமைப்பையும் சேர்த்து, 1804 வாக்கில் தன் கருவியை உருவாக்கினார்.

எப்படி வேலை செய்கிறது?

அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதோடு இணைந்த கொக்கி பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லையென்றால் ஊசி தள்ளப்படும், நூல் கீழேயே கிடக்கும். ஒரு அட்டைக்கு ஒரு ஊடை. கால் மிதியிலேயே இயங்கும், கரன்ட் தேவையில்லை. டிசைனை மாற்ற அட்டைகளை மாற்றினால் போதும். தறி வேறு, டிசைன் வேறு என்று பிரித்ததுதான் பெரிய விஷயம். இன்றைய ஐடி மொழியில் ஹார்டுவேர், சாஃப்ட்வேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அட்டைக்கு முன் கிராஃப் தாள். கட்டம் கட்டமாகப் படம் வரைவார்கள். ஒரு வரிசை கட்டங்கள் ஒரு அட்டையாகும். இங்கேதான் டிசைனர் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டும். கோபுர முக்கோணம் கட்டத்துக்குள் சுலபமாக உட்காரும். அன்னத்தின் கழுத்து படிக்கட்டு மாதிரி உடையும். கொக்கி 240 என்றால் படத்தின் அகலமும் அதற்குள் அடங்க வேண்டும். ஜரிகை நீளமாகக் கட்டுப்படாமல் ஓடினால் வளையலில் மாட்டும், அதனால் நடுநடுவே புள்ளி வைத்துப் பிடிக்க வேண்டும்.

தப்பு வந்தால்? துணியே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு புட்டாவிலும் அதே ஊடையில் ஒரே பிழை வந்தால், குற்றவாளி அட்டை. பிழை பாவு வழியாக ஒரே கோடாகக் கீழே இறங்கினால் கொக்கியையோ அதன் நூலையோ பார்க்க வேண்டும். பூ நடுவில் துண்டாகித் தாவினால் அட்டைகள் வரிசை மாறிக் கோக்கப்பட்டிருக்கும். தவறான ஓட்டையைக் காகிதம் ஒட்டி அடைத்துவிடலாம். ஆனால் அதற்குள் நெய்து முடிந்த பட்டு?

ஜக்கார்டின் கருவியிலேயே பிழை இருந்தது. அட்டைகளை நகர்த்தும் பகுதி சரியாக ஒத்துழைக்கவில்லை. 1815-ல் ழான் அந்துவான் பிரெத்தோன் அதைச் சரிசெய்த பிறகே விற்பனை ஏறியது. பிரெத்தோன் பெயர் இன்று யாருக்குத் தெரியும்?

யாருக்கு லாபம்?

1805-ல் நெப்போலியன் லியோனுக்கு வந்தார். கருவி பொதுச்சொத்தாக அறிவிக்கப்பட்டது. ஜக்கார்டுக்கு ஆண்டுக்கு 3,000 ஃபிராங்க் பென்ஷனும், விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் 50 ஃபிராங்கும் கிடைத்தன. நெசவாளர்களுக்கோ வயிற்றில் புளி கரைத்தது. தறிகளை எரித்தார்கள், ஜக்கார்டையே ஆற்றில் தள்ளப் பார்த்தார்கள் என்று கதைகள் உண்டு. எல்லாம் அப்படியே நடந்ததா என்பது வேறு. பயம் நியாயமானது: இழுக்கும் ஆளின் கூலி நிஜமாகவே போனது.

காஞ்சியில் இரண்டாவது ஆள் முழுசாக மறையவில்லை. உடலும் கரையும் வேறு நிறத்தில் கோக்கும் ‘கோர்வை’ப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும், ஓரத்தில் ஒரு கை உதவியும் வேண்டும். அந்த வேலை அட்டைக்கு எட்டாதது. கோர்வைப் புடவை விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1819-ல் பிரான்ஸின் லீஜியன் ஆஃப் ஹானர் விருது ஜக்கார்டுக்குக் கிடைத்தது. 1834-ல், 82 வயதில், லியோனை ஒட்டிய ஊலான் ஊரில் இறந்தார். 1839-ல் அவர் உருவத்தையே பட்டில் நெய்தார்கள், சுமார் 24,000 அட்டைகள் போட்டு. அதில் ஒரு பிரதி லண்டனில் சார்ல்ஸ் பாபேஜிடம் இருந்தது. விருந்தினர்கள் அதை அச்சடித்த படம் என்றே நினைத்தார்கள். தன் கணக்கு இயந்திரத்துக்கு அதே அட்டைகளைத்தான் பாபேஜ் திட்டமிட்டிருந்தார்.